கம்பி கழன்றுபோனால்

அன்றைக்குச் சூளையடியில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் மனைவி, என் தங்கச்சி. சூளைக்குள் பீங்கான் பியூஸ் கட்டைகள் வெந்துகொண்டிருந்தன. வெளியே, உடைசல் போடும் டப்பாவின் மேல் சாய்த்துவைத்த தங்கச்சியின் செல்போன் உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டிக்கொண்டிருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். விருத்தாசலத்தில் பீங்கான் வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தங்கச்சி கம்ப்யூட்டர் படித்தவள். செல்போனில் சூட்டைக் காட்டிய அந்த நிரலை, அதாவது புரோகிராமை, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், எந்த ஊரிலிருந்தும் திருத்தி அனுப்பலாம் என்று அவள் சொன்னதும் செல்போனை எடுத்து அணைக்கப் போனேன். ஆளாளுக்குக் கைவைத்தால் என் சூளை என்ன ஆவது? அதற்குத்தான் விதிமுறை இருக்கிறது என்று தமிழில் படித்துக் காட்டினாள். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம்தான். ஏன் திருத்தினாய் என்று எழுத வேண்டும். முன்பு தவறிய இடத்தில் இப்போது தவறாது என்று காட்ட ஒரு சோதனையும் சேர்க்க வேண்டும். சரிபார்ப்பவர் எத்தனை கேள்வி கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராத திருத்தத்தை மூடிவிடுவார்கள்.

"அண்ணே, நீ பயப்படறதெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லு. சோதனைக்கு அதுதான் வேணும்."

"அவரு பயத்தயெல்லாம் எழுதுனா ஒங்கம்ப்யூட்டரு தாங்காது பாப்பா," என்று என் மனைவி சிரித்தாள்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். கரண்ட் போனால்? மழைச்சாரல் அடித்தால்? சூட்டை அளக்கும் கம்பி கழன்றுபோனால்? கடைசியாகச் சொன்னதும் தங்கச்சி எழுந்துபோய்க் கம்பியைப் பிடுங்கினாள். செல்போன் அசையவில்லை. பழைய சூட்டையே காட்டிக்கொண்டு நின்றது. "அண்ணே, நெஜமாவே தப்பு இருக்குது!" என்று அவள் குதித்த குதி இன்னும் கண்ணில் நிற்கிறது. என் பயம் ஒன்று யாருக்கோ உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை. கம்பி கழன்றால் மணி அடிக்கும்படி எழுதி, சோதனையும் சேர்த்து அனுப்பினாள். அவள் அனுப்பிய முதல் திருத்தம் அது.

பதில் வருமுன்னே அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முற்றிவிட்டது என்றார்கள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் அவள் கண் மஞ்சளானதை மட்டும் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் செல்போனை என் கையில் திணித்து, "கேள்வி வந்தா பதில் சொல்லுண்ணே, இல்லன்னா மூடிடுவாங்க," என்றாள். வீட்டுக்கு அவளைப் பிணமாகத்தான் கொண்டுவந்தோம்.

கருமாதி முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது கேள்வி வந்தது. செல்போனே தமிழாக்கிக் கொடுத்தது. கம்பியைத் திரும்ப மாட்டினால் மணி தானாக நிற்குமா? மொட்டைத் தலையோடு சூளைக்குப் போய்ப் பற்றவைத்தேன். கம்பியைப் பிடுங்கினேன், மணி அடித்தது. மாட்டினேன், நின்றது. நிற்கும் என்று பதில் எழுதிவிட்டு, அவள் இறந்ததையும் எழுதலாமா என்று வெகுநேரம் தவித்தேன். எழுதியவள் இப்போது உயிரோடு இல்லை என்று தெரிந்தால் தள்ளிவிடுவார்களோ? செத்துப்போனவர்களைப் பற்றி அவள் படித்துக் காட்டிய விதிமுறையில் ஒன்றுமே இல்லை. கடைசியில் உள்ளதை எழுதினேன்: இதை எழுதியவள் என் தங்கச்சி, இறந்துவிட்டாள், சோதித்துப் பார்த்தது நான்.

கேள்வி கேட்ட, முகம் தெரியாத அந்தச் சரிபார்ப்பவர் வருத்தம் தெரிவித்தார். திருத்தத்தை ஏற்றுக்கொண்டோம், அவள் பெயரிலேயே இருக்கும் என்றார். நான் அழுது முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது. முதல் தடவை அனுப்புகிற எல்லோருக்கும் தானாகவே போகிற வாழ்த்து அது: நல்வரவு, உங்கள் அடுத்த திருத்தத்துக்குக் காத்திருக்கிறோம்.

இன்றைக்குச் சூளையடியில் இரண்டு பேர் இருக்கிறோம். என் மனைவி இப்போதெல்லாம் என்னைக் கிண்டல் செய்வதில்லை. "இன்னிக்கு என்னா பயம்? உள்ளாரயே வெச்சிக்கினு இருக்காதீங்க, சொல்லுங்க," என்றாள். பர்னர் பாதியில் அணைந்துபோனால் என்ன ஆகும் என்று சொன்னேன். அதைத் திருத்தமாக எழுதி அனுப்பத்தான் ஆள் இல்லை. இருவரும் டப்பாவின் மேலிருந்த செல்போனைப் பார்த்தோம். அது சூட்டை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.