சீலிங் அண்ணனின் வலது தோள்

“உட்காருங்க” என்று மருத்துவர் சொன்னபோது அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம். அதிலிருந்து மூலைவரை முடியிழை போல ஒரு விரிசல்.

“மாடியில குளியலறை இருக்கா சார்? தண்ணி இறங்குது. அதைச் சரி பண்ணாம இதுமேல எத்தனை கோட் அடிச்சாலும் நிக்காது.”

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். “தோள் வலின்னுல்ல சீட்டுல போட்டிருக்கு?”

“ஆமா சார். அதுவும் இருக்கு” என்றபடி உட்கார்ந்தார்.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவருக்கு இதே வழக்கம். ஆட்கள் அப்புறம், கூரைதான் முதலில். கல்யாணம் பேச வந்த நாளில்கூட வீட்டார் முகத்தைப் பார்க்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாராம். “மாப்பிள்ளைக்குக் கழுத்து திரும்பாதோன்னு எங்கப்பா பயந்தே போயிட்டாரு” என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பெயிண்ட் அடிப்பவர்களில் சுவர்க்காரர்கள் உண்டு, கதவு ஜன்னலில் கைதேர்ந்தவர்கள் உண்டு. இவர் கூரைக்காரர். சீலிங் அண்ணன் என்று கேட்டால் பெயிண்ட் கடையில் விரல் நீட்டி வழி காட்டுவார்கள். நிஜப்பெயரைச் சொன்னால் கையை விரிப்பார்கள். புருவத்தில் எப்போதும் வெள்ளைப் பொட்டுகள். மூக்குக் கண்ணாடியிலும் அதே பொட்டுகள். அதன் வழியாகப் பார்த்தால் வெயில் நாளிலும் தூறல் போலத்தான் தெரியும். மற்றவர்கள் கூரை என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். கழுத்து போகும், கண்ணில் சொட்டும். அவர் கணக்கு வேறு. “சுவத்துல தப்பு பண்ணினா பீரோவை நகர்த்தி மறைச்சுக்கலாம். சீலிங்ல தப்பு பண்ணினா என்னத்தைத் தொங்க விடுவே?”

அவர் தொழிலில் அவருக்கு ஒரே ஒரு வேதம்: ஓரம் காயக் கூடாது. ஒரு பட்டை இழுத்ததும் அதன் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை அதன்மேல் ஏறிவிட வேண்டும். கடைசி இழுப்பெல்லாம் ஜன்னலைப் பார்த்து ஒரே திசையில் போக வேண்டும். நடுவில் நின்றால் போச்சு, காய்ந்த இடம் திட்டாகத் தெரியும். அதனால் அவர் உயரப் பலகை போட்டு ஏற மாட்டார். அதை நகர்த்தி நகர்த்திப் போடுவதற்குள் ஓரம் காய்ந்துவிடும் என்பார். குட்டை முக்காலி ஒன்று, அதில் கால் விரலை ஊன்றி ஓர் எக்கு. “எக்கி அடிச்சாத்தான் ரோலர் சொன்ன பேச்சு கேக்கும்.” இப்படி எக்கி எக்கியே அவர் ஆயுளில் பாதி போயிருந்தது.

தோள் வலி வந்தது அவருக்கே தெரியாது. மனைவிக்குத்தான் முதலில் தெரிந்தது. தலைவழியாகப் போடுகிற பனியன்களை விட்டுவிட்டுப் பொத்தான் வைத்த சட்டையாகத் தேடினார். வலது கையை முதலில் உள்ளே நுழைத்துவிட்டு, மீதிச் சட்டையை அதன் பின்னால் கூட்டி வந்தார். “சட்டைக்குள்ள பூந்து இப்படிச் சண்டை போடுறீங்களே, யாரு ஜெயிக்கிறா?” என்றாள் அவள். படுத்தால் வலது பக்கம் ஒருக்களிக்க முடியவில்லை. முதுகுப் பக்கம் கை போகவில்லை. மேல் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டுக்கு வந்து சேர்ந்தன.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெயிண்ட் கடைக்காரர் சுளுக்கு என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வாயு என்றார். “வாயுவா இருந்தா இத்தனை நாள்ல நான் பறந்திருக்கணுமே” என்று இவர் தைலத்தைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனார். மச்சானுக்கு மட்டும் தெரியக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். மனைவியின் தம்பி, கூடவே சுவர் அடிப்பவன். வாய் ஓயாது அவனுக்கு. தெரிந்தால் ரோலரைப் பிடுங்கி வைத்துவிடுவான். கூரை போனால் அப்புறம் தனக்கு என்ன மிச்சம் என்று இவருக்கு உள்ளூர ஒரு நடுக்கம்.

ஆக, அந்த முதல் தடவை மருத்துவரிடம் தனியாகத்தான் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். தோளில் ஓர் ஊசி போட்டார்கள். “இது வலியைத்தான் குறைக்கும், உள்ள இருக்கிற கோளாறு அப்படியேதான் இருக்கும். கொஞ்ச வாரத்துக்குக் கையைத் தோளுக்கு மேல தூக்கவே தூக்காதீங்க. மறுபடி வாங்க, ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்” என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவர் சொன்னது ஒரே வரி: “எலும்பு நல்லா இருக்காம்.”

ஊசி தன் வேலையைச் செய்தது. வலி, வாடகைக்கு இருந்தவன் சொல்லாமல் காலி செய்த மாதிரி போய்விட்டது. வலி போனால் வியாதியும் போச்சு என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்தத் தெம்பிலேயே, ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரின் வீட்டுக் கூடத்துக் கூரையை அடிக்க முக்காலியில் ஏறினார். பாதிவரை எல்லாம் பழையபடி ஓடியது. திடீரென்று கை கீழே வந்தது. வலிக்கவில்லை, கை பாட்டுக்கு, அசந்துபோன மாடு படுக்கிற மாதிரி, தானாக இறங்கி வந்துவிட்டது. நின்றார். மூச்சு வாங்கினார். மச்சான் பின்கட்டு அறையில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தான். இவர் ரோலரை இடது கைக்கு மாற்றி மீதிக் கூரையை முடித்தார். சாயங்கால வெளிச்சத்தில் எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை வெயில் ஜன்னல் வழியாகப் படுத்தபடி வந்து கூரையைத் தடவியபோதுதான் தெரிந்தது. நட்டநடுவில் பிறை போல ஒரு திட்டு. அதற்கு இந்தப் பக்கம் ரோலர் இழுப்பு ஒரு திசை, அந்தப் பக்கம் வேறு திசை.

“மேகம் மாதிரி இருக்கே, வேணும்னே போட்டதா?” என்று டீச்சரம்மா கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் அவரைக் கொன்றது.

பெயிண்ட் சரியில்லை என்றார் இவர். அடித்த ஈரத்தில் யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள் என்றார். இந்தக் கம்பெனிக்காரனே இப்படித்தான் என்றார். மச்சான் திட்டுக்கு நேர் கீழே போய் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான். பிறகு, டீச்சரம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

“மாமா, எந்தக் கையால அடிச்சீங்க?”

அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு மச்சானே மருத்துவரிடம் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் அவன் பேசாமல் வந்தது தோள் வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. மருத்துவர் இவரைப் பார்த்ததும், “சீலிங்கை அப்புறம் பாக்கலாம், முதல்ல என்னைப் பாருங்க” என்றார். கையைத் தொங்கவிடச் சொல்லி, தானே பிடித்து மெல்ல மேலே தூக்கினார். உச்சிவரை போயிற்று. “நல்லது. இறுகிப்போன தோள் இல்ல இது. அதுவா இருந்தா நான் தூக்கினாலும் வராது. இப்ப நீங்களா தூக்குங்க.” இவர் தூக்கினார். பாதி வழியில் முகம் கோணியது. அதற்குமேல் கை ஏறவில்லை. தோள்பட்டைதான் காதைத் தேடிப் போயிற்று.

“சரி. கையை முன்னால நீட்டுங்க. ஒரு டப்பாவைக் கவிழ்க்கிற மாதிரி, கட்டைவிரல் தரையைப் பாக்கட்டும்.”

“எந்த டப்பா சார்? சின்னதா, பெரிய டிரம்மா?”

மச்சான் களுக்கென்று சிரித்தான். மருத்துவர் அந்தக் கையை இரண்டு விரலால் லேசாக அமுக்கினார். ஆயுளெல்லாம் டப்பா கவிழ்த்த கை அப்படியே விழுந்தது. மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஸ்கேன் அறையில் தோளில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை உருட்டினார்கள். “இதுவும் ரோலர்தான்” என்று இவர் முணுமுணுத்தார். திரும்பி வந்ததும் மருத்துவர் தன் முஷ்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “தோள்ங்கிறது ஒரு ஆழமில்லாத குழியில உக்காந்திருக்கிற பந்து. சுத்தியிருக்கிற தசை நார்கள்தான் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. மேல இருக்கிற நார் எலும்புக்கு அடியில ஒரு சந்து வழியா போகுது. நீங்க கையைத் தூக்கித் தூக்கி, அது உரசி நைஞ்சு, பாதி கிழிஞ்சிருக்கு. நார் எக்ஸ்ரேல தெரியாது. பாதிதான்ங்கிறது உங்க அதிர்ஷ்டம். இப்ப நிறுத்தினா பயிற்சியிலயே சரி பண்ணப் பாக்கலாம். முழுசா அறுந்தா ஆபரேஷன்தான். அப்பவும் பழைய கை வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

இவர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார். “முழுசா அறுக்க எத்தனை சீலிங் ஆகும் சார்?”

“ஒண்ணே போதும்.”

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை மருத்துவமனை உடற்பயிற்சி அறையின் பச்சைத் திரைக்குப் பின்னால் நகர்ந்தது. அங்கே பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். “தோள்தான் ஏறுது அங்கிள், கை ஏறல. தோளை இறக்கிட்டுக் கையைத் தூக்குங்க” என்பாள். தோளை இறக்கினால் கையும் கூடவே இறங்கிவிடும். உடம்பைச் சாய்த்து, தோளைத் தூக்கி, கை எழும்பியதாகக் காட்டும் வித்தையை அவர் யாருக்கும் தெரியாமல் பழகி வைத்திருந்தார். மச்சானிடம் செல்லுபடியானது அவளிடம் செல்லவில்லை. மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து வலது கையைச் சும்மா ஆடவிட வேண்டும். கதவுப் பிடியில் கட்டிய ரப்பர் பட்டையை, முழங்கையை விலாவோடு ஒட்டி இழுக்க வேண்டும். “பெரிய பெரிய கூடமெல்லாம் அடிச்சவனம்மா நான். இந்த ரப்பரை இழுக்க முக்குறேன்” என்றார் ஒருநாள். அவள் சிரிக்கவில்லை. “அதான் அங்கிள் முக்குறீங்க” என்றாள்.

விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சி ஒன்று உண்டு. பூச்சி நடப்பது போல இரண்டு விரலும் மேலே போக வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அவரால் அது மட்டும் முடியவில்லை. தான் அடித்த சுவரில் பென்சிலா? பெயிண்ட் வழியாமல் இருக்க ஓரத்தில் ஒட்டுவாரே, அந்த ஒட்டுத்தாளில் நகத்தளவு கிழித்து ஒட்டினார். “தோளுக்குப் போட வேண்டிய பிளாஸ்திரியைச் சுவத்துக்குப் போடுறாரு” என்று மனைவி தம்பியிடம் சொன்னாள். சில நாள் தாள் ஒரு நூல் ஏறும். சில நாள் ஏறாது. மழைமூட்டமான நாட்களில் நேற்றைய தாளைக்கூட எட்ட முடியாது. அப்போது சுவரில் நெற்றியை முட்டி, கையை அங்கேயே விட்டுவிட்டு நிற்பார். மனைவி அந்தப் பக்கமாக வந்தாலும் வராதது போலப் போய்விடுவாள்.

வேலைக்குப் போகாமலும் இல்லை. நெஞ்சு உயரத்துக்குக் கீழே என்ன உண்டோ அதெல்லாம் அவருடையது: கதவின் கீழ்ப்பாதி, ஜன்னல் கட்டை, பட்டி குழைப்பது. கூரையெல்லாம் இப்போது மச்சானுடையது. “எப்படி மாமா?” என்று அவன் கேட்பான். “ம்” என்பார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று அவன் அக்காவிடம் போய்க் கேட்பான். “எனக்கே இன்னும் தெரியலடா” என்பாள் அவள். பயிற்சிப் பெண்ணிடம் ஒருநாள், இனி எப்போது கூரைக்குப் போகலாம் என்று கேட்டார். “கையை அனுப்பாதீங்க அங்கிள், நீங்க போங்க. பலகையை உயரமா போட்டு ஏறி நில்லுங்க. முழங்கை தோளுக்குக் கீழயே இருக்கட்டும்.” அவருக்குச் சலிப்பாகப் போயிற்று. “பலகையை நகர்த்துறதுக்குள்ள ஓரம் காஞ்சிடும்மா. உனக்கு அது புரியாது.”

டீச்சரம்மாவின் கூடம் அப்படியே கிடந்தது. உங்கள் கை தேறட்டும் என்று டீச்சரம்மா காத்திருந்தார். கடைசியில், “மேகத்துக்குக் கீழயே எத்தனை நாள் இருக்கிறது?” என்று சொல்லியனுப்பினார். மச்சான் உப்புத்தாள் போட்டுத் திட்டைத் தேய்த்துச் சமன் செய்தான். மாமாவுடைய குட்டை முக்காலியிலேயே ஏறி நின்றான். எக்கினான். அவர் கற்றுத்தராமலே அவரைப் பார்த்துப் பார்த்து வந்த எக்கு அது.

அவர் கீழே நின்று ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் போயிற்று. நடுக்கூடம் தாண்டியதும் மச்சான் ஒரு நொடி நின்றான். வலது தோளை முன்னும் பின்னும் உருட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினான். தோள் காதை நோக்கிப் போயிற்று.

பட்டையின் ஓரத்தில் பளபளப்பு மங்கத் தொடங்கியது.

“மாமா, ஓரம் காயுது! அந்தப் பக்கத்தைப் பிடிங்க!” என்று மச்சான் பழைய பழக்கத்தில் கத்தினான். இன்னொரு ரோலர் கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. அவர் வலது கை, அவரைக் கேட்காமல், போய் அதைப் பிடித்துவிட்டது. கம்பு அந்தக் கைக்குள் எப்போதும் போல உட்கார்ந்தது.

பிடித்த கை அப்படியே கொஞ்சம் நின்றது. பிறகு கம்பை மறுபடி சுவரில் சாய்த்தார். சுவர் வேலைக்கென்று மூலையில் கிடந்த உயரப் பலகையைக் காலாலும் இடது கையாலும் தள்ளிக்கொண்டு வந்து, மச்சானுக்கு அருகில் போட்டார்.

“இறங்கி இதுல ஏறு.”

“ஐயோ, ஓரம் காயுது மாமா!”

“காயட்டும். ஏறு.”

மச்சான் ஏறினான். அவர் பலகை ஆடாமல் இடது கையால் பிடித்துக்கொண்டார். தலை அண்ணாந்துதான் இருந்தது; கண் மட்டும் கூரைவரை போகவில்லை, மச்சானின் வலது தோளிலேயே நின்றுவிட்டது.