மிக்டாலியா கிளம்பினால் தெருவே கிளம்பும்

மிக்டாலியா ரொசாடோவுக்கு உட்கார வராது. தையல் ஆலையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தே கழிந்தது. ஆலையை மூடிய பிறகு அவள் எந்த நாற்காலியிலும் ஐந்து நிமிடம் தங்கியதில்லை.

புரூக்ளினில் அவள் தெருவில் செவ்வாயும் வெள்ளியும் பதினொன்றரை மணிக்கு மேல் தெரு பெருக்கும் வண்டி வரும். ஒரு மணி வரை இடது ஓரத்தில் கார் எதுவும் நிற்கக் கூடாது. வேலைக்குப் போனவர்கள், இரவுப்பணி முடிந்து தூங்குபவர்கள், முட்டிவலிக்காரர்கள் என்று ஒன்பது பேரின் சாவிகள் அவள் சமையலறை ஆணிகளில் தொங்கின. ஒவ்வொரு காராக எடுத்து, எதிர் ஓரத்துக் கார்களை அடைத்தபடி இரண்டாவது வரிசையாக நிறுத்துவாள். சட்டப்படி தப்புதான். பெருக்கும் நேரத்தில் மட்டும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பதினான்கு வருடத்தில் ஓர் அபராதச் சீட்டு கிடையாது. பண்டிகை நாட்களில் பெருக்குவதில்லை. எந்த மதத்துக்கு எந்தப் பண்டிகை என்று அவளுக்கு அத்துப்படி. அதனால் தெருக்காரர்கள் நாட்காட்டி பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அவள் முதல் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் தங்கள் சாவியோடு இறங்கி வருவார்கள்.

ஜனவரி ஆறு, குழந்தை இயேசுவுக்கு மூன்று ராஜாக்கள் பரிசு கொண்டுவந்த பண்டிகை. முந்தின நாளே தேங்காய்ப்பால் சோறு கிண்டி வைத்திருந்தாள். காலையில் பேரப்பிள்ளைகளுக்குப் போன் போட்டு வாழ்த்தினாள். பதினொன்றே காலுக்குச் சாவிகளை அள்ளிக்கொண்டு இறங்கினாள். பண்டிகையும் நினைவிருந்தது, கார்களும் நினைவிருந்தன. இரண்டும் அவள் தலைக்குள் சந்திக்கவில்லை. அவள் கிளம்ப, தெருவே கிளம்பியது. அன்று பெருக்கலே இல்லை, இரண்டாவது வரிசைக்கு மன்னிப்பும் இல்லை. ஒரு மணிக்குள் பத்தொன்பது கார்களின் கண்ணாடியில் அபராதச் சீட்டின் ஆரஞ்சு உறை செருகியிருந்தது.

இரண்டாம் மாடி யெசேனியா சன்னலைத் தூக்கி, டோன்யா என்ற மரியாதைச் சொல் குறையாமல் கத்தினாள். "டோன்யா மிக்டாலியா! ராஜாக்கள் இந்த வருஷம் யாரையும் விடலையே. ஆளுக்கொரு கவர்!"

தெரு சிரித்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"சீட்டுதான் தப்பு. பெருக்குற வண்டி வந்துச்சு. என் கண்ணால பாத்தேன். அது போனதும் காரை எடுக்கறதுக்குள்ள எழுதிட்டாங்க" என்றாள். அதை விடவேயில்லை.

அவள் அம்மாவுக்கு மறதிநோய் அறுபத்து மூன்று வயதில் தொடங்கியது. வராத விருந்தாளிகள் வந்துபோனதாகச் சொல்வாள், அவர்கள் குடித்த காபிக் கோப்பையைத் தேடுவாள். மிக்டாலியாவுக்கு இப்போது அறுபத்திரண்டு. சீட்டு தப்பாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தப்பு வேறெங்கோ இருக்கிறது. மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. அடுப்புத் திருகுகளைத் தொட்டுப் பார்த்தாள், சாவிகளை எண்ணினாள், திரும்பவும் அடுப்புக்குப் போனாள்.

மற்றவர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்தார்கள். கீழ்வீட்டு டோலஃப்சன் மட்டும், அவள் அதை எதிர்த்து வாதாடட்டும் என்று கட்டாமல் வைத்திருந்தார். கப்பல் பட்டறையில் தச்சராக இருந்தவர், எண்பத்து நான்கு வயது. சீட்டு அவருடைய பியூக் காருக்கு வந்தது என்பதால் விசாரணைக்கு அவரும் வந்தார்.

காத்திருக்கும் அறையில் அவள் சுவருக்குச் சுவர் நடந்தாள்.

"உக்காரு மிக்டாலியா. உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"நீங்க உக்காருங்க, மிஸ்டர் டோலஃப்சன். நமக்கு முன்னாடி எத்தனை பேர்?"

"இப்பத்தானே கேட்ட?"

அவள் நின்றுவிட்டாள். அவர் தன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விசாரித்த நீதிபதி சின்ன வயதுப் பெண். இருவரையும் வலது கையைத் தூக்கச் சொல்லி, உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கினாள். மிக்டாலியா எல்லாவற்றையும் சொன்னாள்: வெள்ளை வண்டி, மஞ்சள் விளக்கு, ஈரமான தார், ஓட்டுநர் கையசைத்தது.

நீதிபதி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். "மேடம், அன்னைக்கு நகரம் முழுக்க பெருக்கலுக்கு லீவு. ஒரு வண்டிகூட கிளம்பல."

"எனக்குக்கூடச் சத்தம் கேட்டுச்சு" என்றார் டோலஃப்சன்.

"சார், நீங்களும் சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"அப்ப கேக்கல" என்றார் கிழவர்.

அபராதம் உறுதியானது. வெளியே வந்து காரை எடுத்தாள். இரண்டாவது சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"அப்போ நான் பாத்தது எந்த வண்டி?"

"பதினாலு வருஷமா பாத்த வண்டில ஏதோ ஒண்ணு."

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட போ. நானும் வரேன். செவ்வாய், வெள்ளி மட்டும் வேண்டாம். அன்னைக்குக் காரெல்லாம் நீதான் எடுக்கணும்."

"என் கையில சாவியா? இன்னுமா?"

"நான் ஓட்டினா பத்தொன்பது சீட்டோட நிக்காது. பத்தொன்பது காரும் நசுங்கும்."

வெள்ளிக்கிழமை பதினொன்றே கால். சாவிகளோடு தெருவில் நின்றாள். நாட்காட்டியை மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருந்தாள். ஆனாலும் பியூக்கின் கதவில் வைத்த கை திறக்கவில்லை. சன்னல் கண்ணாடிகளுக்குப் பின்னால் முகங்கள் தெரிந்தன. எல்லோரும் அவள் கிளம்பட்டும் என்று காத்திருந்தார்கள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தத் தெருவில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள்.

"ஏ யெசேனியா! இன்னைக்குப் பெருக்கல் உண்டா?"

சன்னல் உயர்ந்தது. "என்னையா கேக்கறீங்க?"

"உன்னையேதான். போன்ல பாத்துச் சொல்லு. எனக்கு மறக்குது."

யெசேனியா போனைப் பார்க்க உள்ளே போய் வந்தாள். "உண்டு, டோன்யா!"

"நிச்சயமா?"

"உண்டு!" என்று இன்னொரு சன்னலும் கத்தியது.

மிக்டாலியா காரைக் கிளப்பினாள்.