செல்வி அக்கா வெட்டாமல் விட்ட திட்டு

ஊர்ப் பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: கோடை முழுக்க நம் ஏரிக்குள் நிமிர்ந்து நின்ற மண் திட்டு, முந்தாநாள் மழையில் கரைந்து காலமானது.

சிரிக்காதீர்கள். இதைச் செல்வி அக்காவிடம் படித்துக்காட்டித் திட்டு வாங்கத்தான் ஓடினேன். அவர் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மஞ்சள் காமாலையோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. கையிலிருந்த தாளை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன். இப்போது எழுதும்போதும் மூன்று முறை எழுந்துவிட்டேன்.

போன வருஷம் எங்கோ வெளிநாட்டில் பேங்குகள் கவிழ்ந்தன. மறைமலைநகரில் எனக்கு வரவேண்டிய அப்ரண்டிஸ் வேலை நின்றது. பேப்பரில் ‘மந்தம்’ என்று போட்டபோது என்னைத்தான் சொல்கிறார்களோ என்று பார்த்தேன். அக்கா தைத்துக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியும் மூடியது. நூறு நாள் வேலையில் ஏரியைத் தூர்வார ஆள் எடுத்தபோது முதலில் பேர் கொடுத்தவர் அவர்தான். எங்கள் பத்துப் பேருக்குப் பொறுப்பாளரும் ஆனார். ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டோடு நின்ற என்னிடம், “இன்னாடா, மெஷின் வந்தாத்தான் தொடுவியா? மம்புட்டியும் இரும்புதான், புடி” என்றார்.

பள்ளத்தின் நடுவில் ஒரு திட்டை மட்டும் வெட்டாமல் விடுவோம். அதன் உச்சிதான் பழைய தரை. அங்கிருந்துதான் ஓவர்சியர் ஆழத்தை அளப்பார். ஆழம் குறைந்தால் பத்துப் பேர் கூலியும் குறையும். ஏமாற்றினால் வேலையே நின்றுவிடும். “திட்டு பொய் சொல்லக் கூடாதுடா. கம்பெனி மாதிரி இத்தையும் மூடிடுவானுங்க” என்பார் அக்கா.

நான் என்ன செய்தேன்? அளவெடுக்கும் நாளுக்கு முந்தைய சாயங்காலம் திட்டின் தலையில் அரையடி மண்ணை அப்பி, மேலே புல்லோடு பெயர்த்த கட்டிகளை வைத்து அழுத்தினேன். மறுநாள் முழு ஆழம் வந்தது. அன்றிலிருந்து திருப்போரூர் பஸ்ஸில் யார் சிக்கினாலும், “சர்க்காரு வேலை குட்த்துச்சு மச்சான், அரையடி நான் குட்த்தேன்” என்று அளந்துகொண்டிருந்தேன். உங்களில் சிலர் கைகூடத் தட்டினீர்கள்.

மிச்சத்தை இன்று சொல்லிவிடுகிறேன். அளவெடுக்கும் நாளன்று விடிந்ததும் போய்ப் பார்த்தால், திட்டு பழைய உயரத்தில் நின்றது. சோம்பலில் நான் அரையடி குறைவாக விட்டுவைத்த மூலையில் அக்கா தனியாக வெட்டிக்கொண்டிருந்தார். பிடுங்கிய புல் கட்டிகள் சட்டியில் இருந்தன.

“அக்கா, அது வந்து...”

“பேசாத. ஓவர்சியர் வர்றதுக்குள்ள மண்ண அள்ளு. அந்தப் புல்ல எடுத்துகினு போய் உன் வூட்டாண்ட நடு. அங்கனா ஒழுங்கா வளரட்டும்.”

யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று பல நாள் பயந்தேன். சொல்லவில்லை. ஒருமுறை நான் பஸ்ஸில் அளந்துகொண்டிருந்தபோது முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

புல் எங்கள் குழாயடியில் பிடித்துக்கொண்டது. அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். அந்த அரையடியை நான் கொடுக்கவில்லை, அவர்தான் வெட்டினார்.