ராசாவும் ராசாத்தியும்

பதினொரு வயதில் எனக்கு ஓர் எதிரி இருந்தான். அவனுக்கு நாலு கால், மஞ்சள் நிறம், எந்நேரமும் ஈரமான மூக்கு. பெயர் ராசா. பெயரைக் கேட்டபோதே எனக்கு வயிறு எரிந்தது. அதுவரை, நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த வோபர்னில், எங்கள் வீட்டில் மாமா கொஞ்சியது என்னை மட்டும்தான். ராசாத்தி என்றுதான் கூப்பிடுவார். நாய் வந்த கிழமையே நான் வெறும் 'பிள்ளை' ஆகிவிட்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. முந்திய வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து எங்கள் பேஸ்மென்ட்டில் தங்கியிருந்தார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குரியவை. நூலகம் போவோம், டோனட் தின்போம், பிறகு பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரை சும்மா போய்த் திரும்புவோம். அதைக் கெடுத்தவர் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்த போர்மன். வயதான வெள்ளைக்காரர், வாத்து வேட்டைக்காரர். அவர் சுட, தண்ணீரில் விழும் வாத்தை அவருடைய நாய் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வரும். அந்த நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை மாமாவிடம் கொடுத்து, பழக்கி எடுத்தால் இலையுதிர்காலத்தில் தன்னோடு வேட்டைக்கு வரலாம் என்றார்.

நாய் சாமியறைப் பக்கம் வரக்கூடாது என்பது அம்மாவின் முதல் நிபந்தனை. பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"உனக்கேன்ரா உந்த வேட்டை? ஊரிலை வெடிச்சத்தம் கேட்டது காணாதோ?"

"அதுக்குத்தான் அக்கா," என்றார் மாமா.

பெரியவர்களின் பதில்கள் கேள்விகளோடு பொருந்துவதில்லை என்பது என் அப்போதைய அபிப்பிராயம்.

மாமாவுக்கு ஆங்கிலம் ஓடாது. நூலகத்திலிருந்து நாய் பழக்கும் புத்தகம் எடுத்து, வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலையாயிற்று. பின்னாளில் அரசாங்க அலுவலகமொன்றில் நடைமுறைகளைக் காவல் காத்தே ஓய்வு பெற்றேன். அந்த வியாதி இந்தப் புத்தகத்தில்தான் தொற்றியிருக்க வேண்டும். இன்றைக்கு நான் குடியிருக்கும் அஜக்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் தன் குட்டியைக் கைபேசி பார்த்துப் பழக்குகிறார். வேலிக்கு இப்பால் நின்று நான் பிழை பிடிக்கிறேன். அவர் இப்போது என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்.

கன்வஸ் துணியைச் சுருட்டி வீசி, அதைக் கொண்டுவரப் பழக்க வேண்டும் என்றது புத்தகம். மாமா தான் இடுப்பில் உடுத்தும் பழைய லுங்கி ஒன்றை, எங்கள் பேச்சில் சாரத்தை, சுருட்டினார். இது விதிக்குப் புறம்பானது என்று எச்சரித்தேன். யாரும் கேட்கவில்லை. சாரம் என்று உலகத்தில் எது இருந்தாலும் அதைக் கொண்டுவருவது தன் கடமை என்று ராசா விரைவிலேயே முடிவு செய்தான். ஒருநாள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தபோது, கொடியில் காய்ந்ததையெல்லாம் மாமாவின் காலடியில் சேர்த்தான். அவை முடிந்ததும் அப்பா உடுத்திருந்ததைப் பிடித்தான்.

"கெட்டிக்காரன்ரா நீ," என்று மாமா அவன் தலையைத் தடவினார். நான் கணக்கில் நூறு வாங்கிய அன்று எனக்குக் கிடைத்தது ஒரு 'ம்'.

அடுத்த அதிகாரம் வெடிச்சத்தம். நாய் சாப்பிடும்போது ஒருவர் தூரத்தில் நின்று சட்டியைத் தட்ட வேண்டும். அது திடுக்கிடாவிட்டால் அடுத்தமுறை கொஞ்சம் கிட்ட வரலாம். அவசரப்படக்கூடாது. வீட்டுக்குப் பின்னால் மின்கோபுரங்கள் வரிசையாகப் போகும் புல்வெளியில் நான் சட்டியும் அகப்பையுமாக நின்றேன். மாமா நிலத்தில் குந்தியிருந்து, புட்டுத் தின்னும் ராசாவை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தார். தட்டினேன். தேவைக்குக் கொஞ்சம் பலமாகத்தான்.

ராசா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கிட்ட வரட்டோ மாமா?"

"வேண்டாம் பிள்ளை, இன்னும் அங்காலை போ. அவன் பயந்திட்டான்."

"அவன் புட்டுத் தின்னுறான்."

"உனக்குத் தெரியாது. நெஞ்சு அடிக்கிறது எனக்கெல்லோ கேக்குது."

கோடை முழுக்க இதுதான் நடந்தது. புத்தகப்படி கிட்டக் கிட்ட வந்திருக்க வேண்டிய நான், ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த கோபுரத்தை நோக்கித் தள்ளிப் போனேன். ஒரு நாயின் காதுக்கு இத்தனை மரியாதை. சைக்கிளால் விழுந்து முழங்கால் கிழிந்தபோது எனக்கு "எழும்பு" என்றவர், எதற்கும் பயப்படாத ஒரு பிராணியை மணிக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னை அப்படி ஒருநாளும் அணைத்ததில்லை. அகப்பையின் காம்பு உடைந்தது.

இலையுதிர்காலம் வந்தது. விதிப்படி இந்த அதிகாரமே முடியவில்லை, ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்றேன். மாமா கேட்கவில்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று என்னையும் போர்மனின் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். அஜக்ஸுக்கு அப்பால் ஒரு சதுப்பு நிலம். ஆளுயர நாணல். நானும் மாமாவும் ராசாவும் ஒரு பக்கம், துவக்கோடு போர்மன் சற்று முன்னால்.

போர்மன் சுட்டார். வாத்து ஒன்று தண்ணீரில் விழுந்தது. ராசா அசையாமல் இருந்தான். போர்மன் ஆங்கிலத்தில் இரண்டுமுறை கட்டளையிட்டார். ராசாவுக்கும் ஆங்கிலம் ஓடாது. அவன் மாமாவைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

மாமா நாணலுக்குள் குப்புறக் கிடந்தார். இரண்டு கைகளும் பிடரியைப் பொத்தியிருந்தன. முகம் சேற்றில். வேட்டையில் ஆட்கள் வாத்துகளின் கண்ணில் படாமல் மறைந்திருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. மாமா ஒழுங்காகப் பின்பற்றிய ஒரே விதி அதுதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"கொண்டா," என்றேன் நான்.

ராசா பாய்ந்தான். நீந்திப் போய், ஓர் இறகுகூடக் கசங்காமல் கவ்விக்கொண்டு திரும்பினான். முதலில் மாமாவிடம்தான் போனான். வாங்கக் கை வரவில்லை. சற்று நின்று யோசித்தான். பிறகு வந்து வாத்தை என் கைகளில் வைத்தான். போர்மன் என் தோளில் தட்டி, பிறவியிலேயே வேட்டைக்காரி என்றார். அதை மட்டும் நான் மாமாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் வழியில் பின்னிருக்கையில் ராசாவின் தலை என் மடியில் கிடந்தது. முன்னால் மாமா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கோடை முழுக்க நானே பழகியது. பொறாமை என்று உடனே கண்டுகொண்டேன். வென்றவள் கொஞ்சம் பெருந்தன்மை காட்டலாம் என்று தோன்றியது.

"அடுத்தமுறை உங்களிட்டைத்தான் கொண்டுவருவான் மாமா."

"ஓம் ராசாத்தி," என்றார் அவர், திரும்பாமல்.

இரண்டு கைகளையும் தொடைகளுக்கிடையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்படியும் அவை நடுங்கின. ஈர உடுப்பு, குளிரத்தானே செய்யும். ஹீட்டரைக் கூட்டும்படி போர்மனிடம் சொன்னேன்.