பஸ் நின்றது, பிள்ளை நிற்கவில்லை

இரண்டு கிழமைக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம் — நானும் என் சிநேகிதி செல்வியும். செல்வி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள்.

நல்ல சனம். எனக்கு முன் சீட் கிடைத்தது. அவள் சாரதிக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் முதுகைச் சாய்த்து, என்னைப் பார்த்தபடி நின்று கதைத்துக்கொண்டு வந்தாள்.

பம்பலப்பிட்டியில் இறங்குவதற்காக ஓர் இளம் தாய் எழுந்தாள். ஒரு கையில் கைக்குழந்தை, மறு கையில் கம்பி. அந்த நேரம் பார்த்து ஓர் ஓட்டோ குறுக்கே பாய்ந்தது. சாரதி பிரேக்கை மிதித்தார்.

பஸ் நின்றது. குழந்தை நிற்கவில்லை.

தாயின் கையை விட்டு அது முன்னால் போவதைக் கண்டேன். யாரும் எறியவில்லை, யாரும் தள்ளவில்லை. பஸ் ஓடிய வேகத்திலேயே, தன்பாட்டில் போனது. ஓ-லெவல் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த, இயக்கத்தின் அதே முதலாம் விதி... ஒரு விசை தடுக்கும் வரை, ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். பொருள் என்றால் புத்தகத்தில் ஒரு பெட்டி, ஒரு பந்து. பிள்ளை என்று எங்கே போட்டிருந்தார்கள்?

செல்வி கைகளை நீட்டினாள். பிள்ளை கைக்கு வந்ததும் வெடுக்கென்று நிறுத்தவில்லை. அதன் போக்கிலேயே கைகளைப் பின்னால் இழுத்து, நெஞ்சோடு அணைத்தாள்.

குழந்தை அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதது. அதன் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு அப்படியே சீட்டில் இருந்துவிட்டாள். கண்டக்டர் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

வெள்ளவத்தையில் இறங்கியதும் செல்வியிடம், ஏன் கையைப் பின்னால் இழுத்தாய் என்று கேட்டேன்.

“டக்கெண்டு நிப்பாட்டினா அடி முழுக்கப் பிள்ளைக்குத்தானே. ஆறுதலா, மெதுவா நிப்பாட்டினா விசை குறையும்,” என்றாள். பிறகு, “இதெல்லாம் இப்பதான் யோசிக்கிறன். அப்ப ஒண்டும் யோசிக்கேல்லை. கை தானாப் போனது.”

விதிக்குத் தாயும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. ஆனால் பிள்ளையை மீட்ட கைகளும் அதே விதிகளுக்குள் நின்றுதானே மீட்டன? நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது.

இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது குழந்தையோடு எழுந்தால் நானும் கூடவே எழுந்து கைகளை நீட்டிவிடுகிறேன் — கண்டக்டர்கள்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.