மணற்காட்டில் கரைவலைக் கயிறு

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சொந்த உழைப்பில் மூன்று லொறி வாங்கியவன் நான். ஆனாலும் என் வான் வண்டி மணற்காட்டுக் கடற்கரையில் அச்சுவரை புதைந்து நிற்கிறது. பாலைவனப் பாறை ஓவியங்களை ஆராயும் என் மகளுக்குச் சற்று நேரத்தில் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம், தொலைபேசியில். இங்கே சிக்னல் இல்லை.

கரைவலை இழுத்து முடித்த மீனவர்கள் அதே கயிற்றை வான் வண்டியில் கட்டுகிறார்கள். மணலில் பிடிப்புக் கிடைக்க, மகள் குந்தியிருந்து ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குகிறாள்.

"தங்கச்சி, உந்த வேலை எங்கை பழகினது?" என்கிறார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி.

"பாலைவனத்திலை, அண்ணை. படம் கீறின பாறையளுக்கு மணலுக்குள்ளாலைதான் போகவேணும்."

"அப்ப ஐயாவுக்கு முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். லொறி ஓடின மனுசன் கேப்பாரோ?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கயிறு பிடிக்கிறேன். வலை இழுக்கும் பாட்டோடு வான் மேலேறுகிறது.

"கயிறு பிடிச்ச ஆளுக்குப் பங்கு இருக்கு, ஐயா," என்று சம்மாட்டி மீன் தருகிறார்.

தார் வீதியில் சிக்னல் கிடைக்கிறது. மகள் நேரத்துக்குப் பேசத் தொடங்குகிறாள். ஆங்கிலம் எனக்கு விளங்காது. அவள் குரலில் நடுக்கமில்லை என்பது விளங்குகிறது. கயிறு தந்தவர்களுக்கும், பிள்ளைக்கு மணலைப் பழக்கிய பாலைவனத்துக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

வான் திறப்பை அவளுக்கென்று ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டு, மீனோடு இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொள்கிறேன்.