பஜ்ஜித் தட்டும் அத்தையின் உதையும்

அத்தைக்கு நான்காவது வரன் வாலாஜாபாத்திலிருந்து வந்தபோது எனக்கு ஒன்பது வயது, மஞ்சள் பெல்ட். அப்பாவின் தங்கையான அத்தை என்னைவிட மேலே, பச்சை பெல்ட். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் வாரம் மூன்று நாள் குங்ஃபூ வகுப்பு. பட்டுக்கடை விற்பனையாளர் இருவர், ஒரு நர்ஸ், நாங்கள் இருவர் உட்படப் பத்துப் பேர் குதிரைமேல் உட்கார்ந்தாற்போல் முழங்காலை மடித்து நிற்போம். முந்தைய மூன்று வரன்களும் தட்டிப்போனதற்கு அதுதான் காரணம் என்பது அப்பாவின் முடிவு.

"அவங்க எதிர்ல குங்ஃபூன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது" என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

"பொண்ணுக்கு வேற இன்னா தெரியும்?" என்று பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். என் அம்மா கோலம், தையல் என்று அடுக்கினாள். முக்கியமானது விட்டுப்போவதை என்னால் தாங்க முடியவில்லை. வார்த்தைதானே வரக்கூடாது? கையிலிருந்த பஜ்ஜித் தட்டைத் தூக்கிப் பிடித்து, மாஸ்டரைப் போலவே "ஹா!" என்று கத்தினேன்.

வகுப்பில் அந்தச் சத்தம் கேட்டால் யோசிக்கக் கூடாது, உதைக்க வேண்டும். காபி கொடுத்துவிட்டு நிமிர்ந்த அத்தையும் யோசிக்கவில்லை. பட்டுப்புடவை தடுத்தும் கால் உயர்ந்தது. தட்டு பறந்துபோய் மின்விசிறியில் மோதியது. பஜ்ஜிகளை விசிறி பாரபட்சமின்றி எல்லோருக்கும் பரிமாறியது.

"இன்னாபா இது, பொண்ணு பாக்க வந்தமா, அடி வாங்க வந்தமா?" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் மடியில் விழுந்த பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார். அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போக வேண்டியிருந்தது.

அப்பா பஜ்ஜிகளைப் பொறுக்கியபடியே என்னைத் திட்டித் தீர்த்தார். அத்தை அறைக்குள் அழுகிறாள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். தலையணையில் முகம் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் மொட்டை மாடியில், மடிப்புக் கலையாத புதுச் சீருடையில் அதே மாப்பிள்ளை வந்து நின்றார்.

"உங்க ஊர்ல கிளாஸ் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குது பாப்பா. இங்கதான் காத்து நல்லா வருது."

மாஸ்டர் அவரை அத்தையோடு ஜோடி சேர்த்தார். முதல் உதையிலேயே விழுந்தார். எழுந்தார், மறுபடியும் விழுந்தார். இப்படியே ஆறு மாதம். நர்ஸ் அக்காவின் உதையை அசையாமல் தாங்கியவர் அத்தையிடம் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அத்தையின் கால் அவர்மேல் படவே இல்லை. ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"ரெண்டு பேருமே தப்பா பண்றாங்க மாஸ்டர்" என்று போய்ச் சொன்னேன்.

"நீ போய் உன் இடத்துல நில்லுமா" என்றார்.

போய் நின்றேன். காலை இன்னும் கொஞ்சம் நீட்டினால் பட்டுவிடுமே, பச்சை பெல்ட் வாங்கியவளுக்கு இதுகூடவா தெரியாது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.